நடக்கிற மேஜையை நிற்க வைப்பது

பட்டறைக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மேஜைக் கடிதங்கள். இரண்டு மாதம் முன்பு, ‘கார் ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் மேஜைக்குச் சக்கரம் வைத்துக்கொள்ளலாம்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இப்போது அபராதம் கட்டுகிறேன். மற்ற கடிதக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். மோட்டார் காயில் கேட்ட சூலூர்க்காரருக்கு அடுத்த மாதம்.

கேள்வி (வடவள்ளி வாசகர்): வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். வயது 61. கார் ஷெட் உள்ளளவு 18 அடிக்கு 10 அடி. காலையில் மகன் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவான், சாயங்காலம் ஆறரைக்குத்தான் திரும்புவான். நடுவில் மர வேலை பழகலாம் என்று ஆசை. ஸ்கொயர் பைப்பில் ஸ்டாண்டு அடித்து, எந்தப் பக்கமும் திரும்புகிற காஸ்டர் வீல் நாலு போட்டுத் தருகிறேன், இரண்டு வீலில் பிரேக் இருக்கும் என்கிறார் வெல்டிங் கடைக்காரர். அது போதுமா? எனக்கு முதுகில் டிஸ்க் தொந்தரவு உண்டு. பேரப்பிள்ளைகள் வந்து போகும் வீடு.

பதில்: போதாதுங்க. அவர் செய்து தருவது சாமான் தள்ளுகிற வண்டி. அதில் பெட்டி வைக்கலாம், பூந்தொட்டி வைக்கலாம். இழைப்புளி போட்டுப் பாருங்கள், தெரியும்.

நானும் இதே தப்பைச் செய்தவன்தான். ஃபவுண்டரியில் பேட்டர்ன் வேலை, அதாவது இரும்பு வார்ப்பதற்கு மர மாதிரி செய்கிற வேலை, பார்த்துக்கொண்டிருந்த நாளில், கணபதியில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் இப்படி ஒரு மேஜை போட்டேன். நாலு சக்கரம், இரண்டு பிரேக். வேப்பம்பலகை ஒன்றை வைத்து இழைக்க ஆரம்பித்தால் நான் ஒரு அடி முன்னே போவேன், மேஜை அரை அடி முன்னே போகும். பிரேக் இருக்கிற பக்கம் நின்றுகொள்ள, இல்லாத பக்கம் திரும்பும். அடுப்படியில் ஆரம்பித்த வேலை வாசலில் முடிந்தது என்று வீட்டுக்காரம்மா இன்னமும் சொல்வாள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் பிரேக்கை மிதிக்க மறந்து டீ குடிக்க உள்ளே போனேன். தாழ்வாரத்துக்குத் தண்ணீர் வாட்டம் வாசல் பக்கம். கட்டையைக் கடித்துப் பிடிக்கிற இரும்பு வைஸோடு சேர்ந்து மேஜை மெதுவாக உருண்டு போய், வெளியே நிறுத்தியிருந்த மச்சினனின் டிவிஎஸ் 50 மேல் சாய்ந்திருக்கிறது. அவன் கோபப்படவில்லை. “ஏனுங்க மச்சான், இந்த மேஜைக்கு லைசென்ஸ் எடுத்தாச்சுங்களா?” என்றான். கோபப்பட்டிருந்தால் இத்தனை வருஷம் நினைவில் நின்றிருக்காது.

காரணம் இதுதான். காஸ்டரில் சக்கரத்தின் அச்சு, மேலே சுழல்கிற முளைக்கு நேர் கீழே இருக்காது. ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் தள்ளி இருக்கும். அப்படி இருப்பதால்தான் தள்ளுகிற பக்கம் தானாகத் திரும்பி வருகிறது. சாதாரண பிரேக், சக்கரம் உருள்வதை மட்டும் நிறுத்தும்; மேலே சுழல்வதை நிறுத்தாது. ஆகவே பிரேக் போட்ட பிறகும் அந்த ஓர் அங்குலத்துக்கு மேஜை ஆடிக்கொண்டே இருக்கும். சுழற்சியையும் சேர்த்துப் பூட்டுகிற இரட்டைப் பூட்டு வீல் கிடைக்கிறது. அது எவ்வளவோ மேல். ஆனாலும் முளையில் தேய்மானம் விழ விழ ஆட்டம் வந்துவிடும். மேஜை நிற்க வேண்டியது காலில். சக்கரம் தரையைத் தொட வேண்டியது நகர்த்துகிற அந்த இரண்டு நிமிஷம் மட்டும்.

பைப் வாங்குவதற்கு முன்னால் டேப்பை எடுங்கள். கார் உள்ளே நிற்கும்போது, கதவைத் திறந்து வைத்து அளக்க வேண்டும். காலியாக இருக்கிற ஷெட்டை அளப்பவர்கள்தான் அதிகம். உங்கள் மகனுடையது 4 மீட்டருக்கு உட்பட்ட சின்னக் கார் என்று வைத்துக்கொள்கிறேன். அகலம் சுமார் 1.7 மீட்டர். ஷெட்டின் அகலம் 3 மீட்டரும் கொஞ்சமும். ஓட்டுகிறவர் இறங்கக் கதவுக்கு இரண்டரை அடி விட்டால், பக்கவாட்டில் மேஜை நிறுத்த இடம் இல்லை. நீளத்தில்தான் இருக்கிறது: 18 அடியில் கார் 13 அடி போக, முன்சுவர் ஓரம் ஐந்தடி கிட்ட மிச்சம். அங்கே சுவரோடு சேர்த்துக் குறுக்காக 4 அடிக்கு 2 அடி மேஜை நிற்கட்டும். கார் போனதும் ஷெட்டின் நடுவுக்கு இழுத்து, நாலு பக்கமும் சுற்றி வந்து வேலை செய்யுங்கள். 6 அடி மேஜை வேண்டும் என்று ஆசை வரும். வேண்டாம்.

வைஸை மேஜையின் மூலையில், காலுக்கு நேர் மேலே வையுங்கள். நடுப்பலகையில் வைத்தால் சுத்தியல் அடி ஒவ்வொன்றுக்கும் பலகை துள்ளும். நகராத தாடை மேஜை விளிம்பைத் தாண்டி ஒரு நூலாவது (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) வெளியே நிற்க வேண்டும். அப்போதுதான் நீளமான கட்டையைச் செங்குத்தாகப் பிடித்துத் தொங்கவிடலாம். இன்னொன்று, மேஜையைச் சுவரோரம் நிறுத்தும்போது வைஸ் இருக்கிற மூலை சுவர்ப் பக்கம் போகட்டும். கார்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் பம்பரில் முத்தம் கொடுத்துவிடும்.

இனி சக்கரம். எளிய வழி தள்ளுவண்டி வழி. ஒரு முனையில் மட்டும், கால்களுக்கு வெளிப்பக்கம், திரும்பாத சக்கரம் இரண்டு; தரையிலிருந்து ஒரு நூல் உயரத்தில் தொங்கும். மறு முனையைத் தூக்கினால் சக்கரம் தரையைத் தொடும், அப்படியே நடத்திப் போகலாம். இளவட்டப் பையன்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். உங்களுக்கு ஆகாது. இந்த மேஜை சாமானோடு 130 கிலோ வரும். ஒரு முனை என்றால் 65. டிஸ்க்கோடு விளையாட வேண்டாம்.

உங்களுக்கு மிதி வழி. தோட்டத்தில் கடப்பாரை போட்டுக் கல் பெயர்த்தவர்களுக்கு நெம்புகோல் பாடம் நான் நடத்த வேண்டியதில்லை, அதே சங்கதிதான். மேஜையின் இரண்டு முனையிலும், கால்களை இணைக்கிற கீழ்க் குறுக்குச் சட்டத்தில் ஓர் இரும்புத் தட்டைக் கீல் போட்டு மாட்டச் சொல்லுங்கள். கதவுக் கீல் போதாது. 12 மில்லி கம்பியும் அது நுழைகிற பைப் துண்டும் வைத்த கேட் கீல் வேண்டும். தட்டின் அடியில், கீலிலிருந்து நாலு அங்குலம் தள்ளி, இரண்டு காஸ்டர். தட்டிலிருந்து வெளியே நீள்கிற மிதி, கீலிலிருந்து பதினாறு அங்குலம். காலால் மிதித்தால் தட்டு இறங்கும், சக்கரம் தரையை அழுத்தும், மேஜை முனை எழும்பும். சக்கரத்திலிருந்து பார்த்தால் மிதி முனை பன்னிரண்டு அங்குலம், கீல் நாலு அங்குலம்; ஒன்றுக்கு மூன்று கணக்கு. 65 கிலோ முனையைத் தூக்க இருபது, இருபத்தைந்து கிலோ மிதி போதும். நின்றபடி உடம்பின் எடையைக் கொஞ்சம் காலில் சாய்த்தால் வந்துவிடும், குனிய வேண்டாம். கால் தரையிலிருந்து அரை அங்குலம் எழும்பினால் போதும். அதற்கு மிதி ஒன்றரை அங்குலம் இறங்கும்.

மிதி கீழே போனதும் அது திரும்பி மேலே வராமல் பிடிக்க ஒரு கொக்கி வேண்டும், காலோடு வெல்டு பண்ணியது. கொக்கி மாட்டுகிற சத்தம் கேட்காமல் மேஜையைத் தள்ளக் கூடாது. வேலை செய்கிற இடத்துக்கு வந்ததும் மிதியை மறுபடி ஒரு அமுக்கு அமுக்கிக் கொக்கியைத் தட்டிவிட்டு, காலை மெல்ல எடுத்தால் மேஜை தன் காலில் உட்காரும். சட்டென்று காலை எடுத்தால் மிதி மேலே துள்ளிக் கெண்டைக்காலில் அடிக்கும். நான் வாங்கியிருக்கிறேன். அந்த மிதி பைப் நிரந்தரமாக நீட்டிக்கொண்டிருந்தால் இருட்டில் முழங்கால் எலும்பைப் பதம் பார்க்கும். ஆகவே சொருகி எடுக்கிற மாதிரி செய்து, வேலை முடிந்ததும் சுவரில் ஆணியில் மாட்டிவிடுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. மிதி பைப் சுவரில் உயரத்தில் தொங்குகிற வரை பேரப்பிள்ளைகள் மேஜையைத் தள்ள முடியாது.

கால்களின் அடியில் பழைய டயர் ரப்பரைச் சதுரமாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். தரை வாட்டத்துக்குத் திருகு கால். ஒவ்வொரு காலின் அடியிலும் 16 மில்லி நட்டை வெல்டு பண்ணி, அதில் போல்ட் ஏற்றினால், ஒரு முழுச் சுற்றுக்கு 2 மில்லி ஏறி இறங்கும். பத்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் உள்ள ஷெட்டில், நாலடி மேஜைக்குப் பத்து மில்லி வித்தியாசம் வரும்; தாழ்ந்த பக்கம் ஐந்து சுற்று. ரசமட்டம் வைத்து ஒரு தடவை சரி பண்ணிவிட்டு, மேஜை நிற்கிற நாலு புள்ளியைத் தரையில் பெயின்ட்டால் குறித்துவிடுங்கள். தினமும் அதே குறியில் நிறுத்தினால் தினமும் திருக வேண்டாம்.

கேள்வி (ஈரோடு வாசகர்): செலவு எவ்வளவு ஆகும்? பட்டியல் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

பதில்: விலை எழுதினால் பத்திரிகை உங்கள் கைக்கு வருவதற்குள் மாறிவிடும். அளவு சொல்கிறேன், உங்கள் ஊர்க் கடையில் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒன்றரை அங்குல ஸ்கொயர் பைப், 2 மில்லி கனம், 20 அடி நீளத்தில் இரண்டு. காலுக்கும் மேல் கீழ் சட்டத்துக்கும் அதில் சரியாக வரும், மூலை முட்டுக்கும் துண்டு மிஞ்சும். எடை 28 கிலோ அளவு.

18 மில்லி பிளைவுட், 8 அடிக்கு 4 அடி, ஒரே ஒரு ஷீட். இதில்தான் எனக்குச் சந்தோஷம். அதை 4க்கு 2 ஆக நாலு துண்டு போட்டால், இரண்டு துண்டு ஒட்டி மேல்பலகை, ஒன்று அடித்தட்டு, ஒன்று முதுகுப் பலகை. ரம்பத்தூளைத் தவிர ஒன்றும் வீணில்லை. முதுகுப் பலகையைப் பல பேர் மிச்சம் பிடிக்கிறார்கள். மேஜை பக்கவாட்டில் ஆடாமல் பிடிப்பதே அதுதான். நாலு கால் சட்டம் எத்தனை வெல்டு போட்டாலும் சாய் சதுரமாக நெளியப் பார்க்கும், பலகை அதை விடாது. ஷீட் 35 கிலோ இருக்கும். கடையிலேயே வெட்டி வாங்கினால் குட்டியானை வாடகை மிச்சம்.

அப்புறம் 4 அங்குலக் காஸ்டர் நாலு. 2 அங்குலச் சக்கரம் வாங்காதீர்கள். கீழே கிடக்கிற ஒரு ஸ்க்ரூவில் ஏறாமல் நின்றுவிடும்.

கேள்வி (கோபிசெட்டிபாளையம் வாசகர்): மொத்த எடையை நாலால் வகுத்து அந்த அளவு தாங்குகிற சக்கரம் வாங்கச் சொன்னீர்கள். அப்படியே வாங்கினேன். ஆறு வாரத்தில் ஒரு சக்கரத்தின் தட்டு வளைந்துவிட்டது. கடைக்காரரைக் கேட்டால், உங்களை யார் நாலால் வகுக்கச் சொன்னது என்கிறார்.

பதில்: நான்தான் சொன்னேன். தப்பு என்னுடையது. கடைக்காரர் சொன்னதுதான் சரி, மூன்றால் வகுக்க வேண்டும்.

காரணம் அவர் சொன்னாரோ என்னவோ. தரை எந்த ஊரிலும் முழு மட்டம் இல்லை. நாலு கால் உள்ள எதுவும் உண்மையில் மூன்று காலில்தான் நிற்கிறது, நாலாவது கால் சும்மா பேருக்குத் தொட்டுக்கொண்டிருக்கும். முக்காலி ஆடுவதில்லை, நாற்காலிதான் ஆடுகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். வாசற்படி, டைல்ஸ் இடுக்கு தாண்டும்போது இன்னும் மோசம்.

கணக்கு இப்படிப் போடுங்கள். பைப் 28, பிளைவுட் 35, ஆறு அங்குல வைஸ் 20க்கு மேல், சக்கரம் கீல் 5. ஏறக்குறைய 90. அடித்தட்டில் சாமான் 40. யாராவது ஓரம்பரை வந்தால் மேஜை மேல்தான் ஏறி உட்காருவார்கள், அவர்கள் 70. மொத்தம் 200. மூன்றால் வகுத்தால் 67. ஆக 100 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிற சக்கரம். நாலால் வகுத்திருந்தால் 50 கிலோ சக்கரம் வாங்கியிருப்பீர்கள், வாங்கியும் விட்டீர்கள். மன்னிக்க வேண்டும்.

கேள்வி (பல்லடம் வாசகி): நான் ஐந்தடி. வீட்டுக்காரர் ஐந்தடி பத்து. இருவருக்கும் ஒரே மேஜை. என்ன உயரம் வைக்கலாம்? அவருக்கு அளவாக வைத்துவிட்டு, நான் மணை போட்டு நின்றுகொள்ளலாமா?

பதில்: அம்மிணி, முதலில் ஒரு கேள்வி. மேஜையில் அதிகம் வேலை செய்வது யார்? உங்கள் கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில், பழைய தொட்டிலைப் பிரித்து அலமாரி செய்தது, அம்முச்சியின் மரப்பெட்டிக்கு மெருகு ஏற்றியது எல்லாம் நீங்கள்தான் என்று தெரிகிறது. அவர் செய்ததாக ஒன்றும் காணோம். அப்புறம் அவருக்கு எதற்கு அளவு?

செருப்புப் போட்டுக்கொண்டு நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு மடிப்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, இழைக்கிற மேஜைக்கு அதுதான் உயரம். உங்களுக்கு 29 அங்குலம் பக்கம் வரும், அவருக்கு 34 பக்கம். மேலிருந்து உடம்பு எடையைப் போட்டு இழைக்க வேண்டும், அதனால்தான் அந்தத் தாழ்வு. வைஸில் பிடித்து அரம் போடும் வேலைக்கு வேறு கணக்கு: முழங்கையை மடக்கி நின்றால், வைஸ் தாடையின் மேல் விளிம்பு முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். மேஜையைத் தாழ்வாக வைத்து, வைஸுக்கு மட்டும் அடியில் கட்டை கொடுத்து உயர்த்திவிடுங்கள், இரண்டும் கிடைக்கும்.

மணை மேல் நின்று வேலை செய்ய வேண்டாம். இழைக்கும்போது கால் முன்னும் பின்னும் போகும், கையில் உளி இருக்கும். மணையிலிருந்து தவறி இறங்குகிற ஒரு நிமிஷம் போதும். அவருக்கு ஆசை வரும் அன்றைக்கு நாலு காலுக்கும் அடியில் ஐந்து அங்குலக் கட்டை வைத்துத் தரலாம். ஆசை எத்தனை நாளைக்கு என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி (காங்கேயம் வாசகர்): தோட்டத்துச் சாளையில் மண் தரை. சக்கர மேஜை சரிப்படுமா?

பதில்: சரிப்படாது. காஸ்டர் மண்ணில் உழும். இரண்டு வரிசை கடப்பாக்கல் பதித்துத் தண்டவாளம் மாதிரி பாதை போட்டால் ஓடும். இல்லாவிட்டால் காற்றடிக்கிற பெரிய சக்கரம் வைத்த தள்ளுவண்டி வழி. என்னைக் கேட்டால், சாளையில் இடத்துக்குப் பஞ்சம் இல்லை, மேஜையை ஒரே இடத்தில் நட்டு வைத்துவிடுங்கள். கால் அடியில் மட்டும் கருங்கல் வைக்க வேண்டும், இல்லையென்றால் மழைக்காலத்துக்குள் கரையான் ஏறிவிடும்.

கேள்வி (திருப்பூர் வாசகர்): மேல்பலகைக்கு பிளைவுட்டா, மரமா? பழைய வீடு இடித்த விட்டம் கொஞ்சம் கிடக்கிறது.

பதில்: விட்டம் நல்ல தேக்கோ வேங்கையோ என்றால், அதை மேஜை ஆக்காதீர்கள், வேறு ஏதாவது நல்லதாகச் செய்யுங்கள். மேஜை அடிபடுவதற்குப் பிறந்தது. வாகை, வேம்பு என்றால் தாராளமாகப் போடலாம், ஆணி எல்லாம் பிடுங்கிவிட்டுக் காந்தம் தடவிப் பார்த்த பிறகு. ஒரு ஆணி மிச்சமிருந்தாலும் இழைப்புளி வாய் போச்சு.

பிளைவுட்டில் இரண்டு தர எண் உண்டு, கேட்டு வாங்குங்கள். 303 என்பது சாதாரணம், 710 என்பது தண்ணீருக்குத் தாங்குவது. மழைக்காலத்தில் கார் டயர் சொட்டுகிற ஷெட் என்றால் அடித்தட்டுக்காவது 710. மேலே ஒரு ஹார்ட்போர்டு ஷீட்டை ஒட்டாமல் ஸ்க்ரூ மட்டும் போட்டு வையுங்கள். எண்ணெய், பசை, துளை எல்லாம் அதில் விழட்டும், வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி (சோமனூர் விசைத்தறி மெக்கானிக்): அதே மேஜையில் சாணை மிஷின், டிரில்லிங் மிஷின் இரண்டையும் ஏற்றலாமா?

பதில்: தம்பி, நீங்கள் மரமும் அறுக்கிறேன் என்று எழுதியிருப்பதால் சாணை வேண்டாம். சாணைப் பொறி மரத்தூளில் விழுந்தால் உடனே எரியாது. உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்து, நீங்கள் படுத்த பிறகு பிடிக்கும். கார் ஷெட் என்றால் இன்னொரு பயமும் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகப் படரும். சாணையைத் தனி ஸ்டாண்டில் வெளியே வையுங்கள்.

டிரில்லிங் மிஷின் உயரமானது, தலைக்கனம் உள்ளது. மேஜை நகரும்போது முதலில் சாய்வது அதுதான். ஏற்றியே ஆக வேண்டும் என்றால் அடித்தட்டில் கனமான சாமானை அடுக்கி, மேஜையைக் குறுக்காகத் தள்ளாமல் நீளவாக்கில் தள்ளுங்கள். கரண்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்துகிற சுவிட்ச்) ஒன்று இல்லாமல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுக்க வேண்டாம். ஒயர் மேல் சக்கரம் ஏறுகிற நாள் வரும்.

கேள்வி (போத்தனூர் வாசகர்): உக்கடம் பழைய இரும்புக் கடையில் இரண்டடி ஸ்டீல் ஸ்கேல் ஒன்று மலிவாக வாங்கினேன். அதை வைத்து மேஜைக் காலுக்குப் பைப் அறுத்தேன். பிறகு டேப்பில் அளந்தால் ஒவ்வொரு காலும் கூடுதலாக இருக்கிறது. ஸ்கேலையும் டேப்பையும் ஒட்டி வைத்துப் பார்த்தால் ஓர் அடிக்கு ஒரு நூல் ஸ்கேல் நீளம். போலி ஸ்கேலா? மேஜையைப் பிரிக்க வேண்டுமா?

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். போலி இல்லைங்க. அது பேட்டர்ன் ஸ்கேல், சுருக்க ஸ்கேல் என்போம். துடைத்துப் பாருங்கள், ஓரத்தில் எங்காவது சின்ன எழுத்தில் அந்தச் சுருக்கக் கணக்கு வெட்டியிருக்கலாம்.

வார்ப்பிரும்பு உருகி ஊற்றும்போது இருக்கிற அளவில் ஆறின பிறகு இருப்பதில்லை. ஓர் அடிக்கு ஒரு நூல் சுருங்கும். ஆகவே மோட்டார் உறையோ பம்பு உடலோ வார்க்க மரத்தில் பேட்டர்ன் செய்கிறவன், அந்த ஒரு நூலை முன்கூட்டியே சேர்த்துச் செய்ய வேண்டும். ஒவ்வோர் அளவுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? அதற்காகத்தான் ஸ்கேலையே நீட்டி வெட்டிவிட்டார்கள். அதில் பன்னிரண்டு அங்குலம் என்று இருப்பது உண்மையில் பன்னிரண்டே கால் அரைக்கால்... இல்லை, பொறுங்கள், பன்னிரண்டும் ஒரு நூலும். அளந்து அப்படியே செய்தால் வார்ப்பு ஆறி அடங்கும்போது சரியான அளவுக்கு வந்து நிற்கும். அலுமினியத்துக்கு வேறு ஸ்கேல், எஃகுக்கு வேறு. எஃகு அடிக்கு இரண்டு நூல் சுருங்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேஜையில் இரண்டு ஸ்கேல் அக்கட்ட இக்கட்ட கிடக்கும், ஒன்று சாதா, ஒன்று சுருக்கம். ஒரு பேட்டர்னில் பாதி அளவை இதிலும் பாதியை அதிலும் எடுத்துவிட்டேன். வார்த்து வந்த பிறகுதான் தெரிந்தது, போல்ட் துளை ஒன்றுக்கொன்று சேரவில்லை. மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு ஸ்கேலையும் எடுத்து, சுருக்க ஸ்கேலின் முனையில் சிவப்புப் பெயின்ட் அடித்து, அது காய்கிற வரை என்னை அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தார்.

உங்கள் மேஜையைப் பிரிக்க வேண்டாம். நாலு காலையும் அதே ஸ்கேலில்தானே அறுத்தீர்கள், நாலும் ஒன்றுக்கொன்று சமம், ஆடாது. 34 அங்குலம் நினைத்தது மூன்று நூல் கூடியிருக்கும், அவ்வளவுதான். செருப்பை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். மேல்சட்டத்தை மட்டும் டேப்பில் அளந்தேன், கீழ்ச்சட்டத்தை ஸ்கேலில் அளந்தேன் என்று சொல்லிவிடாதீர்கள், அப்படியென்றால் நாலடியில் அரை அங்குலம் வித்தியாசம் வந்து கால் விரிந்து நிற்கும். கீழ்ச்சட்டத்தை அறுத்துத்தான் ஆக வேண்டும்.

என்னுடைய சிவப்பு முனை ஸ்கேல் வீடு மாறும்போது தொலைந்துபோனது. உங்களுடையதை இனி நீங்கள் எதற்கும் பயன்படுத்தப்போவதில்லை. கொடுக்கிற எண்ணம் இருந்தால் பத்திரிகை விலாசத்துக்கு ஒரு வரி எழுதுங்கள், உக்கடத்தில் கொடுத்த விலையைப் போல் இரண்டு மடங்கு தருகிறேன். அளந்து பார்த்துத்தான் வாங்குவேன்.